பவரை உழுகிறவன் கையில் கொடுக்காதீர்கள்

பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் ஊருக்கு வருகிற பட்டணத்துச் சொந்தக்காரர்கள், கிளம்புவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. தேங்காயும் உளுந்தும் டிக்கியில் ஏறியிருக்கும். பிள்ளைகள் காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் மெல்ல ஆரம்பிப்பார்கள். “அண்ணே, சும்மா சும்மா லீவு போட்டு வர முடியல. யாராச்சும் ஒருத்தர் பேர்ல பவர் போட்டுடலாம்னு பாக்குறோம். யார் பேர்ல போடலாம்?”

மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி வருஷா வருஷம் கூடிக்கொண்டேதான் போகிறது. பட்டாவில் பேர் இருக்கிற ஆள் சென்னையிலோ, கோயம்புத்தூரிலோ, சிங்கப்பூரிலோ இருக்கிறார். நிலம் மட்டும் இங்கே கிடக்கிறது. பட்டா மாறுதலுக்கு ஒருத்தர் நடக்க வேண்டும். சர்வேயர் வருகிற அன்றைக்கு வரப்பில் நிற்க ஒருத்தர் வேண்டும். வாய்க்காலுக்கோ ரோட்டுக்கோ நிலம் எடுக்கிறோம் என்று நோட்டீஸ் வந்தால் வாங்க ஆள் வேண்டும். ஆகவே பவர் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். யாருக்கு, எதுவரைக்கும் என்பதில்தான் என் பேச்சு.

கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மனசுக்குள் ஒரு பேரை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். அது அந்த நிலத்தைச் சாகுபடி செய்துகொண்டிருக்கிற பங்காளியின் பேர். “அவர்தானே நம்ம நிலத்துல உழுவுறார், அவருக்கே குடுத்துட்டா ஒரே வேலையாப் போயிடும்ல?” அதைத்தான் வேண்டாம் என்கிறேன். நானும் உழுகிறவன்தான். உழுகிறவன் வாயிலிருந்து இது வந்தால் கொஞ்சம் எடுபடும் என்றுதான் எழுதுகிறேன்.

பவர் பத்திரத்தை எத்தனை பேர் முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. எழுதிக் கொடுக்கிறவர் ‘முதல்வர்’, வாங்கிக்கொள்கிறவர் ‘முகவர்’. பத்திரம் எழுதுகிற இடத்தில் ஒரு மாதிரி வைத்திருப்பார்கள், அதில் பேரையும் சர்வே நம்பரையும் மட்டும் மாற்றுவார்கள். சொத்தை நிர்வகிக்கவும், குத்தகைக்கு விடவும் என்று சாதுவாக ஆரம்பிக்கும். அடுத்த வரியிலேயே ஈடு வைக்கவும், கிரய ஒப்பந்தம் செய்யவும், முன்பணம் வாங்கவும், கிரயம் எழுதிக் கொடுத்து முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளவும் என்று போகும். கடைசியில் ‘முகவர் செய்யும் சகல காரியங்களும் நானே நேரில் இருந்து செய்ததாக ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி. கேட்டால், “வழக்கமா போடுறதுதாங்க” என்பார்கள். வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் வரப்பு அளக்க ஆள் அனுப்பப் போனவர், நிலத்தையே விற்கிற உரிமையைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார்.

இனி, ஏன் உழுகிறவனுக்கு வேண்டாம் என்கிறேன்? அவன் திருடன் என்பதால் இல்லை. திருடனாக இருந்தால் இத்தனை வருஷத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒரே ஆள் ரெண்டு நாற்காலியில் உட்கார முடியாது என்பதால்தான். குத்தகை எவ்வளவு என்று பேசும்போது ஒரு பக்கம் உங்கள் சார்பாக ஒருத்தர், இன்னொரு பக்கம் சாகுபடிக்காரர் இருக்க வேண்டும். ரெண்டும் ஒரே ஆளென்றால் யாரிடம் பேசுவது? மழை கெடுத்த வருஷத்தில் மாவுக்கு எத்தனை மூட்டை தள்ளிக் கொடுப்பது என்பதை அவனே கேட்டு, அவனே சரி என்று சொல்லிக்கொள்ள வேண்டும். நல்ல மனுஷனாக இருந்தாலும் அந்த இடத்தில் தன் வீட்டுப் பக்கம்தான் கொஞ்சம் சாய்வான். நானாக இருந்தாலும் சாய்வேன்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். தென்னை கொத்துக் கொத்தாய் விழுந்து கிடந்தது. விழுந்த மரம் யாருடையது, நிவாரணம் யார் கணக்கில் ஏற வேண்டும், மரத்தை அறுத்து விற்ற காசு யாருக்கு, புதுக் கன்று வைக்கிற செலவு யாருக்கு? வெளியூரில் இருந்தவருக்கும் தோப்பைப் பார்த்துக்கொண்டவருக்கும் அன்றைக்கு ஆரம்பித்த பேச்சுவார்த்தை சில வீடுகளில் பேச்சே இல்லாமல் முடிந்தது. ரெண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருத்தர் இருந்த வீடுகளில் ஒரு மாதிரி பேசித் தீர்த்தார்கள்.

சட்டத்திலும் இது இருக்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே முகவர் கணக்குக் காட்டியாக வேண்டும் என்று இருக்கிறது. முதல்வருக்குச் சொல்லாமல் தன் சொந்த லாபத்துக்காக அந்தக் காரியத்தில் இறங்கி, அதை மறைத்திருந்தாலோ முதல்வருக்கு நஷ்டம் வந்திருந்தாலோ, முதல்வர் அதை ஏற்க மறுக்கலாம் என்றும் இருக்கிறது. ஆனால் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சித்தப்பா மகன் மேல் கேஸ் போடவா போகிறீர்கள்? அந்த நிலைமைக்கே வராமல் பார்ப்பதுதான் நம் கையில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன் ஒருத்தன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். அவனுக்கு இங்கே 9 மா நிலம் இருக்கிறது, பட்டணத்துக் கணக்கில் மூணு ஏக்கர். அவன் போனில் சொன்னது: “மாப்ள, நீயே பவர் வச்சுக்க, நீயே சாகுபடியும் பண்ணிக்க. எனக்கு வருஷத்துக்கு இத்தனை மூட்டைன்னு காசாப் போட்டு விட்டுடு.” எனக்கு ஆசைதான். ஒரே தாக்காக, மோட்டார் ஷெட்டோடு கிடக்கிற நிலம். “ரெண்டுல ஒண்ணு சொல்லுடா. சாகுபடி வேணுமா, பவர் வேணுமா? ரெண்டும் ஒருத்தன்கிட்ட இருந்தா நாளைக்கு நாம ரெண்டு பேரும் பேசிக்க மாட்டோம்” என்றேன். கடைசியில் பவர் என்னிடம் வந்தது, குத்தகை வேறொருத்தருக்குப் போனது. அறுவடைக்கு அறுவடை நோட்டில் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புகிறேன். அவன் பார்க்கிறானோ இல்லையோ, நான் அனுப்புவதை நிறுத்துவதில்லை.

எங்கள் வீட்டு விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். அப்பாவுக்கு 82 வயது. முட்டி ரெண்டும் போய்விட்டது, கணக்கு மட்டும் போகவில்லை. நிலம் இன்னும் அவர் பேரில்தான் இருக்கிறது, உழுவது நான். ஒரு எல்லைத் தகராறுக்காக அவர் அடிக்கடி மன்னார்குடிக்குப் போக வேண்டியிருந்தது. பவர் எழுதலாம் என்றதும் ஊரே என் பேரைத்தான் சொன்னது. நான் தங்கச்சி பேரைச் சொன்னேன். அவள் திருச்சியில் இருக்கிறாள். பஸ் ஏறி வர வேண்டும், லீவு போட வேண்டும். “பொட்டப்புள்ளைய எதுக்கு அலைய விடுறீங்க, தம்பி இங்கதானே இருக்காரு?” என்றார்கள். ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: “ஒங்கப்பாவுக்கு ஒம்மேல நம்பிக்கை இல்லியா?”

நம்பிக்கை இருப்பதால்தான் என்றேன், அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. நிலம் என் கையில், காகிதமும் என் கையில் என்றால் நாளைக்கு நான் ஒரு போர் போட்டாலும், ரெண்டு மரம் வெட்டினாலும் அவளுக்கு மனசுக்குள் ஒரு சந்தேகம் வரும். கேட்கவும் மாட்டாள். பெண் பிள்ளைக்கும் சம பங்கு என்று சட்டம் வந்து இத்தனை வருஷம் ஆகியும், அண்ணனிடம் கணக்குக் கேட்கக் கூச்சப்படுகிற தங்கச்சிகள்தான் நம் ஊரில் அதிகம். பவர் அவள் பேரில் இருந்தால் அந்தக் கூச்சம் போய்விடும். காகிதம் அவளிடம், மண் என்னிடம். ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் ஒன்றும் செய்ய முடியாது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஆயி பேர்லயே எழுது” என்று முடித்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் திருச்சியில் ஒரு தங்கச்சி இருக்க மாட்டாள். அப்போது யாரைத் தேடுவது? நான் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவன் காசை அவர் எப்படிக் கையாளுகிறார் என்பது. எங்கள் ஊர் திருவிழாக் கணக்கை ஒருத்தர் பார்த்தார். எல்லாம் முடிந்து மறுநாள் காலையில் மீதி 340 ரூபாயைக் கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் எண்ணி வைத்துவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போனார். யாரும் கேட்கக்கூட இல்லை. படிப்பு எட்டாவதுதான். பவர் கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் அவரைத்தான் காட்டுவேன். ஆங்கிலத்தில் பேசுகிற, கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் ஆள் தெரிந்த, புல்லட்டில் வருகிற ஆட்களைக் காட்ட மாட்டேன். ஆள் தெரிந்தவருக்கு நம் வேலையைத் தவிர வேறு வேலைகளும் நிறைய தெரிந்திருக்கும்.

மரியாதைக்காக வயதான பெரியப்பா பேரில் எழுதுவதும் நடக்கிறது. முகவர் இறந்துபோனாலும் பவர் முடிந்தது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேலை நாளில் காலை பத்து மணிக்குத் தாலுகா ஆபீசில் போய் நிற்க உடம்பில் தெம்பு இருக்கிற ஆளாகப் பாருங்கள்.

அப்புறம், கொடுப்பதைக் குறைத்துக் கொடுங்கள். பொது அதிகாரம் வேண்டாம், இன்ன காரியத்துக்கு என்று சிறப்பு அதிகாரமாக எழுதச் சொல்லுங்கள். பட்டா மாறுதல், அளவை, கரண்ட் இணைப்புப் பேர் மாற்றம், நோட்டீஸ் வாங்குவது, அதிகாரிகள் முன்னால் ஆஜராவது. இதற்கு மேல் நிர்வாகத்துக்கு என்ன வேண்டும்? குத்தகைக்கு விடும் அதிகாரத்தைக்கூட யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். 1955ஆம் வருஷத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முகவர் ஒருத்தரைக் குத்தகைக்கு அமர்த்தினால் அது நீங்கள் அமர்த்தியதுதான், நினைத்த மாத்திரத்தில் எழுப்ப முடியாது. அந்தச் சட்டம் உழுகிறவனுக்குத் தேவையான சட்டம், அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உங்கள் நிலத்தில் யார் இறங்குகிறார் என்பது உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது.

விற்பதற்கு முடிந்தவரை நீங்களே வாருங்கள். முடியவே முடியாதென்றால், விலை பேசி முடித்த பிறகு, இந்தச் சர்வே நம்பர், இந்த விலை, பணம் இந்த வங்கிக் கணக்கில்தான் ஏற வேண்டும் என்று எழுதி, அந்த ஒரு கிரயத்துக்கு மட்டும் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும், சிங்கப்பூர்க்காரர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். உள்ளூரில் எழுதுகிறவர்கள், நோட்டரி கையெழுத்துப் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நிலம், வீடு சம்பந்தப்பட்ட பவரைத் தமிழ்நாட்டில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2012இல் சட்டத் திருத்தம் வந்துவிட்டது.

புரோக்கர் கேட்கிற பவர் தனி ரகம். “கிரயம் இப்ப வேணாங்க, அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு பவர் மட்டும் குடுங்க, பிளாட் போட்டு நானே வித்துக்குறேன்” என்பார். அந்தப் பத்திரத்தில் ‘ரத்து செய்ய இயலாத’ என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். முகவருக்கே அந்தச் சொத்தில் சொந்த நலன் இருந்தால், அவர் நலன் கெடும்படி அந்தப் பவரை முடிக்க முடியாது என்று ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. பணம் வாங்கிக்கொண்டு எழுதினால் அங்கேதான் போய் மாட்டிக்கொள்வீர்கள். பட்டணத்தில் பிளாட் வாங்குகிறவர்களுக்கும் இதில் சேதி இருக்கிறது. பவரையும் ஒப்பந்தத்தையும் வைத்து மட்டும் சொத்து கைமாறாது, பதிவான கிரயப் பத்திரம்தான் கைமாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. பவர் ஏஜென்டிடம் வாங்கும்போது, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் கேட்கிறார்கள், சரிதான். அவர் வீட்டில் ஒரு காபி குடித்துவிட்டு வருவது இன்னும் நல்லது.

கொடுத்த பவரைத் திருப்பி வாங்குவதிலும் ஒரு பழக்கம் பார்க்கிறேன். கோபத்தில் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு, சொந்தக்காரனாச்சே என்று அவரிடம் சொல்லாமலே இருந்துவிடுவார்கள். ரத்து ஆனது முகவருக்குத் தெரிகிற வரைக்கும் அவரைப் பொறுத்து அது செல்லாது. வெளியாட்களைப் பொறுத்து, அவர்களுக்குத் தெரிகிற வரைக்கும் செல்லாது. பதிவுத் தபாலில் நோட்டீஸ், குத்தகைதாரருக்கு ஒரு கடிதம், பேப்பரில் ஒரு விளம்பரம் என்று மூன்றும் வேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும். பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்க வசதி இருக்கிறது. செல்போனில் எவ்வளவோ பார்க்கிறோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதையும் பார்க்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியமான ஒன்றைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். “அப்பாவுக்கு ஞாபகம் தவறுனா அப்ப உதவும்னுதான் பவர் வாங்கி வச்சிருக்கோம்” என்பார்கள். உதவாது. முதல்வர் இறந்தாலும், சித்தம் கலங்கினாலும் பவர் அத்தோடு முடிந்தது, நம் நாட்டுச் சட்டம் அப்படி. எதற்காக எழுதினார்களோ அந்த நாள் வந்ததும் அது வெறும் காகிதம். எங்கள் தெருவிலேயே ஒரு பெரியவருக்குப் பக்கவாதம் வந்து, பிறகு மனைவியின் பேரே மறந்துபோனது. மகன் பேரில் பவர் இருந்தது. வைத்தியச் செலவுக்கு ரெண்டு மா விற்கலாம் என்று கேட்டுப் பார்த்தபோது, வக்கீல் அந்தப் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்குக் கோர்ட்டுதான் வழி. கோமாவில் இருந்த கணவரின் சொத்தை வைத்தியத்துக்காக விற்க, ஒரு மனைவிக்கு 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. அந்த அம்மாவுக்குக் கிடைத்தது, ஆனால் அதற்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. அம்மாவின் ஏ.டி.எம். கார்டையும் நம்பரையும் வைத்துக்கொண்டு சமாளிக்கிற வீடுகள் இருக்கின்றன, எழுதாத பவர் அது. அதில் கணக்கும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

ஆகவே அந்த நாளுக்குப் பவரை மட்டும் நம்பாதீர்கள். அப்பாவும் அம்மாவும் பேரில் ஒரு கூட்டு வங்கிக் கணக்கு, ஒரு உயில், இதெல்லாம் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை. நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கப் போகிறார் என்றால், ஆயுசு வரைக்கும் அனுபவம் தனக்கே என்றும், கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை இருந்தால், பார்த்துக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திருப்பி வாங்க 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தில் வழி இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

பெரியவரால் நடக்க முடியவில்லை என்று யாரும் தள்ளிப்போட வேண்டாம். உடம்பு முடியாதவர் என்று மனுக் கொடுத்தால், பதிவு அலுவலர் வீட்டுக்கே வந்து எழுதி வாங்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. வந்த அதிகாரி எங்கள் எல்லாரையும் திண்ணைக்குப் போகச் சொல்லிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார், யாருக்கு எழுதுறீங்க, எதுக்கு எழுதுறீங்க என்று. உள்ளே அப்பா சர்வே நம்பரையும் நாலு பக்க எல்லையையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது திண்ணை வரைக்கும் கேட்டது.